தாமல் ஏரிக்கரையிலிருந்து சிங்கைக் கடற்கரை வரை



சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்தைக் கடந்து மேற்கே சிறிது தொலைவு சென்றால் தாமல் என்னும் ஊர் வரும். பரந்து கிடக்கும் ஏரியும், பழமையான வராகீசுவரர் ஆலயமும் அவ்வூரின் அடையாளங்கள். பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர் பெற்ற காஞ்சியின் நிழலில் வாழும் எங்கள் வட்டாரத்து மக்களுக்கு, இசையை நேரில் கேட்பது பிறவியோடு வந்த பழக்கம். திருவிழாக் காலத்து நாகசுரம் தெருக்கோடி வரை வந்து எட்டும். நம் திருமண வீடுகளில் தஃப் முழங்கும். மீலாது மேடையில் பாடகர் குரலெடுத்தால் வேலி ஓரத்தில் நின்றும் கேட்பார்கள். சீட்டு வாங்கியவர் எவருமில்லை. செவி கொடுக்காதவரும் எவருமில்லை.

இத்தகைய ஊரில் வளர்ந்த பிள்ளை கடல் கடந்து பிழைக்கச் செல்கிறான். அங்கே அவனுக்கு வேலை கிடைக்கிறது, ஊதியம் கிடைக்கிறது, உறங்க ஒரு கட்டிலும் கிடைக்கிறது. ஆனால் பக்கத்தில் அமர்ந்து ஒன்றைச் சேர்ந்து கேட்க ஓர் ஊர் கிடைக்கிறதா? இக்கேள்வியை நம் குடும்பங்கள் கேட்பதேயில்லை. "பணம் அனுப்பினாயா?" என்று கேட்கிறோம், "உடல்நலம் எப்படி?" என்று கேட்கிறோம். "மாலைப் பொழுதை எவ்வாறு கழிக்கிறாய்?" என்று கேட்போர் மிகச் சிலரே.

காஞ்சியும் கடல் கடந்தது

இசையைத் தேடி நாடு விட்டு நாடு செல்வது நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889-1934) தாள நுட்பத்தில் ஈடற்றவராகத் திகழ்ந்தார். மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம் எனப் பல தாளக் கருவிகள் புடைசூழப் பாடுவது அவர் வழக்கம். அவரிடம் இளமையில் பயின்ற டி. பிருந்தா (1912-1996), பிற்காலத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தார். காஞ்சியில் விதைத்தது பசிபிக் கடலோரத்தில் முளைத்தது.

எதிர்த் திசையிலிருந்து வந்தவரும் உண்டு. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஜான் ஹிக்கின்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர், 1964ஆம் ஆண்டு கருநாடக இசை கற்கச் சென்னைக்கு வந்தார். மொழி புதிது, உணவு புதிது, வெயில் புதிது. எனினும் கச்சேரிகளில் அமர்ந்து கேட்டார், கற்றார், தாமே மேடையேறிப் பாடினார். நம் மக்கள் அவரை "ஹிக்கின்ஸ் பாகவதர்" என்றே அழைக்கலாயினர். 1984இல் அவர் விபத்தில் இறந்தபோது இங்குள்ள இரசிகர்கள் தம் வீட்டுப் பிள்ளையை இழந்ததுபோல் வருந்தினர்.

நம் சமுதாயத்திலேயே ஒரு சான்று உண்டு. ஆந்திரத்தின் கரவதி கிராமத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா சாகிபு (1924-1999) தஞ்சை பாணி நாகசுரத்தின் மீது கொண்ட காதலால் தமிழகம் வந்து திருவரங்கத்தையே தம் ஊராக்கிக்கொண்டார். 1998ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. அன்னிய மண்ணில் ஒருவருக்கு இடம் பிடித்துத் தருவது பணம் மட்டுமன்று என்பதற்கு இவர்கள் வாழ்க்கையே போதும்.

சிங்கையில் கண்டவை

உறவினர் அழைப்பின் பேரில் சில வாரங்கள் சிங்கப்பூரில் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கே தெலுக் ஆயர் தெருவில் 1828-1830 ஆண்டுகளில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா இன்றும் நிற்கிறது. 1974இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கடலை நம்பி வந்தவர்கள், கரையேறிய இடத்திலேயே தம் ஊரின் நினைவை நட்டு வைத்தார்கள். 1946இல் கடையநல்லூர் மக்கள் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி தொடங்கியதும் அதே ஏக்கத்தின் வெளிப்பாடே. அப்பள்ளி 1982இல் மூடப்பட்டாலும், அப்பெயர் இன்று அங்குள்ள தமிழ் மொழி நிலையத்துக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபா (1925-2015) சிங்கப்பூர், மலேசிய மேடைகளில் பாடியபோது திரண்ட மக்களுக்கு அது பாட்டு மட்டுமன்று. ஊரே எழுந்து வந்து எதிரில் நின்றதற்கு ஒப்பாகும்.

இன்று அந்நகரில் இசை கேட்கப் பெரும்பணம் தேவையில்லை. 2002ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எஸ்பிளனேட் கலையரங்கம் கடலோரத்தில் நிற்கிறது. முட்கள் போன்ற அதன் கூரையைப் பார்த்து மக்கள் "டுரியான்" என்று செல்லமாக அழைக்கின்றனர். உள்ளே பெரிய அரங்குகளில் கட்டணக் கச்சேரி. வெளியே திறந்தவெளி மேடையிலோ பல நாள்களில் இலவச நிகழ்ச்சி. இந்தியக் கலைகளுக்குக் கலா உத்சவம், மலாய்க் கலைகளுக்குப் பெஸ்தா ராயா என ஆண்டுதோறும் விழாக்கள் உண்டு. 1859இல் அமைந்த தாவரவியல் பூங்காவில், ஏரி நடுவே ஒரு மேடை. எதிரிலுள்ள புல்மேட்டில் பாய் விரித்து, பிள்ளைகளோடும் உணவுப் பொட்டலங்களோடும் குடும்பங்கள் அமர்கின்றன. 1979இல் தோன்றிய சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழு அங்கே கட்டணமின்றி வாசிப்பதுண்டு. பெரிய அரங்குகள் பலவற்றில் சிறு குழந்தைகளை அனுமதிப்பதில்லையாதலால், கைக்குழந்தையுள்ள தாய்மார்களுக்கு இப்புல்மேடு ஒரு வரப்பிரசாதம்.

என் உள்ளத்தை அதிகம் தொட்டது வேறொன்று. அடுக்குமாடிக் குடியிருப்பின் திறந்த கீழ்த்தளத்தில் மலாய்த் திருமணம் நடந்துகொண்டிருந்தது. மணமகனை வரவேற்க இளைஞர்கள் "கொம்பாங்" என்னும் தோற்கருவியை முழக்கினர். ஒருபுறம் மட்டும் தோல் போர்த்த அக்கருவி, நம் தஃபின் உடன்பிறப்பேதான்! மொழி விளங்கவில்லை, ஆனால் முழக்கம் விளங்கிற்று.

தாமலைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவரை அங்கே சந்தித்தேன். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. கப்பல் பட்டறையில் பணி. "அறையில் நாங்கள் பன்னிரண்டு பேர், உஸ்தாத். வேலை முடிந்து வந்ததும் ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு பாட்டு, எல்லார் காதும் அடைத்திருக்கும். ஒருவர் சிரித்தால் எதற்கென்று மற்றவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கடலோர மேடைக்குப் போனால்தான் பக்கத்திலிருப்பவரும் நானும் ஒன்றையே கேட்கிறோம்" என்றார். அவர் அங்கே அறிமுகமாகியவர்களுள் சீனப் பெரியவர் ஒருவரும் உண்டு. பெருநாளன்று அவரைத் தேடிச் சென்று இனிப்புக் கொடுத்து வந்தாராம்.

காஞ்சிப் பட்டில் உடலை ஒரு நாடாவும் கரைகளை வேறு நாடாக்களும் நெய்ய, இரண்டையும் பிணைக்கும் வேலைப்பாட்டைக் "கோர்வை" என்பர். கச்சேரியில் தாளத்தை முடித்து வைக்கும் அடுக்குக்கும் அதுவே பெயர். அயலூரில் கரையாக நிற்பவனை நகரத்தின் உடலோடு சேர்ப்பதும் இத்தகைய கோர்வைதான்.

கைதட்டலுக்கும் இலக்கணம் உண்டு

புதிய நாட்டில் இசை கேட்கச் செல்வோர் சில மரியாதைகளை அறிந்திருத்தல் நலம். நம் கச்சேரியில் தொடையில் தாளம் போடலாம். நயம் கண்ட இடத்தில் வாய்விட்டுப் பாராட்டலாம். கவ்வாலியில் பாராட்டுக் குரல் எழாவிட்டால் பாடகர் சோர்ந்துவிடுவார். மேலை இசையிலோ ஒரு படைப்பின் பகுதிகளுக்கிடையே கைதட்டாது, முழுதும் முடியும்வரை காத்திருப்பதே வழக்கம். தொடங்கிய பின் வந்தால் வாயிலிலேயே நிறுத்தி வைப்பர். கைப்பேசியை அணைத்தல் எங்கும் பொது விதி.

தொழுகை தவறுமோ என்ற அச்சமும் வேண்டாம். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் மஃரிபு வேளை மாலை ஏழு மணியை ஒட்டியே வருகிறது. கச்சேரிகள் பெரும்பாலும் ஏழரைக்கோ எட்டுக்கோ தொடங்குகின்றன. தொழுது முடித்து நிம்மதியாக அமரலாம். இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே விவாதிக்க நான் முற்படவில்லை. பேணுதலுள்ளோர் குரலும் தஃபும் மட்டுமே உள்ள நிகழ்ச்சிகளைத் தெரிந்துகொள்ளலாம். ஆபாசமும் மதுவும் உள்ள இடங்களை எல்லோரும் தவிர்த்தல் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"பாட்டுக் கேட்கவா உன்னைக் கடல் கடந்து அனுப்பினோம்?" என்று தொலைபேசியில் கடிந்துகொள்ளும் பெற்றோரை நான் அறிவேன். அவர்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. கடன் வாங்கி அனுப்பியவர்களுக்கு ஒவ்வொரு வெள்ளியும் பெரிது. ஆனால் தனிமையும் ஒரு செலவுதான்; அதன் கணக்கு எந்தச் சம்பளச் சீட்டிலும் வருவதில்லை. வாரம் முழுவதும் அவன் அங்கே வெறும் இரு கைகள். நல்லதொரு சபையில் அமர்ந்திருக்கும் ஒரு மணி நேரம் மட்டும் அவன் விருந்தினன். அந்நகரம் அவனுக்கு எதையோ அன்போடு பரிமாறுகிறது.

ஆகவே, அடுத்த முறை உங்கள் பிள்ளையோடு பேசும்போது, பணத்தைப் பற்றிக் கேட்டு முடித்த பின், "இந்த வாரம் என்ன கேட்டாய்? உன் பக்கத்தில் யார் இருந்தார்?" என்றும் கேளுங்கள். பதில் சொல்ல அவனிடம் ஒரு பெயர் இருக்குமானால், அல்ஹம்துலில்லாஹ்! அவன் அங்கே தனியாக இல்லை.