கதவில் ஒரு பெயர்

ஹெல்சிங்கி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

போன மடலில், பால்கனியில் வைத்த தண்ணீர் வாளி ஒரே ராத்திரியில் கல்லாகிப்போனதை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நீங்கள் ஒரே ஒரு வரிதான் கேட்டிருந்தீர்கள்: "அந்தக் குளிரில் வீடு வாசல் இல்லாதவன் எங்கே படுப்பான், தம்பி?" பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. அதைத்தான் இத்தனை நாளும் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காலத்தில் படுத்த இடத்திலேயே செத்தார்கள், அண்ணாச்சி. 1967 குளிர்காலத்தில் போக்கிடம் இல்லாத பலர் இந்த நகரத்தில் விறைத்துச் செத்தார்கள். கொதித்துப்போன இளைஞர்கள் 'நவம்பர் இயக்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் இல்கா தைப்பலே. மருத்துவர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நாற்பது வருஷம் கழித்துத் திரும்ப வருவார்.

அன்றைக்கு நகரத்துக்குத் தெரிந்த மருந்து இரவுக் காப்பகம். 1970-ல் ஹெல்சிங்கியில் மட்டும் 2,121 காப்பகப் படுக்கைகள் இருந்தன. அங்கிருந்து மேலே ஏற வேண்டும். அந்த முறைக்கு இங்கே 'படிக்கட்டு' என்றே பெயர். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழித்து பரமபதம் ஆடுவோமே, அதேதான். முதல் கட்டம் காப்பகம். குடிக்காமல் இருந்து காட்டினால் விடுதி. அங்கேயும் ஒழுங்காக இருந்தால் மேற்பார்வையில் ஓர் அறை. கடைசிக் கட்டத்தில்தான் தனி வீடு. நடுவில் ஒருநாள் குடித்துவிட்டு வந்தால் பாம்பு கொத்திவிடும், மறுபடி முதல் கட்டம். இருபது பேர் இருமுகிற கூடத்தில் செருப்பைத் தலைமாட்டில் பத்திரப்படுத்திக்கொண்டு படுத்திருப்பவனிடம், "நீ முதலில் குடியை விடு, பிறகு வீட்டைப் பார்க்கலாம்" என்றால், அவன் எதைப் பிடித்துக்கொண்டு விடுவான்?

2007-ல் அரசு நான்கு பேரைக் கூப்பிட்டு யோசனை கேட்டது. ஒருவர் ஹெல்சிங்கியின் ஆயர். இன்னொருவர் நான் சொன்ன தைப்பலே. அவர்கள் கொடுத்த அறிக்கையின் தலைப்பு 'நிமி ஓவெஸ்ஸா'. 'கதவில் பெயர்' என்று அர்த்தம். இங்கே பெரும்பாலான அடுக்கு வீடுகளில் கதவு நடுவே தபால் போடும் பிளவு இருக்கும், அதற்கு மேலே குடியிருப்பவரின் பெயர். மாடிப்படி ஏறும் இடத்தில் பலகையிலும் எழுதியிருக்கும். நான் இந்த ஊருக்கு வந்து மூன்றாம் வாரம் என் பெயரை அந்தப் பலகையில் பார்த்த அன்றுதான் வயிற்றிலிருந்த பயம் இறங்கியது. அதனால் அந்தத் தலைப்பைக் கேட்டவுடனே எனக்குப் புரிந்துவிட்டது.

யோசனை இதுதான்: வீட்டைக் கடைசியில் தராமல் முதலில் கொடுத்துவிடுவது. நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் 1992-லேயே இதைத் தொடங்கியிருந்தார். பின்லாந்து செய்த புதுமை, அதை ஒரு நாட்டின் கொள்கையாகவே ஆக்கியது. 2008-ல் அரசும் பத்து நகரங்களும் ஒப்பந்தம் போட்டன. அன்றைய வீட்டுவசதி அமைச்சர் யான் வபாவுரி வலதுசாரிக் கட்சிக்காரர், தைப்பலே சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். அதன் பிறகு ஆட்சிகள் மாறியும் திட்டம் நின்றுபோகவில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

இலவச வீடு என்று நினைத்துவிடாதீர்கள். குடியேறுபவரின் பெயரில் வாடகை ஒப்பந்தம், மற்ற குடித்தனக்காரருக்கு உள்ள அதே சட்டம், அதே உரிமை. வாடகை அவரே கட்டுகிறார், கையில் இல்லாவிட்டால் அரசின் உதவித்தொகை கைகொடுக்கிறது. குடியை விட்டாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சமூகப் பணியாளர் கூப்பிடு தூரத்தில் இருப்பார். கல்லியோ பகுதியில் ஆல்ப்பிகாத்து தெருவில் சால்வேஷன் ஆர்மி நடத்திய பழைய விடுதியை உள்ளே இடித்துக் கட்டி, 80-க்கும் மேற்பட்ட தனித்தனி வீடுகளாக்கினார்கள். ஹெல்சிங்கியின் காப்பகப் படுக்கைகள் 2008-ல் 558, 2016-ல் வெறும் 52.

வீடுகளுக்கு எங்கே போனார்கள்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஹெல்சிங்கி நகர எல்லைக்குள் பெரும்பகுதி நிலம் நகராட்சிக்கே சொந்தம். 1985-ல் தொடங்கிய 'ஒய் அறக்கட்டளை' என்று ஒன்று, ஊர் நடுவே உள்ள சாதாரண அடுக்குமாடிகளில் ஒன்றிரண்டாக வீடு வாங்கி உள்வாடகைக்குக் கொடுத்துவந்தது. வாங்குவதற்குச் சூதாட்ட எந்திர வருமானத்திலிருந்து மானியம் கிடைத்தது. ஒய் என்பது 'யுக்ஸினாய்னென்' என்ற சொல்லின் முதல் எழுத்து. நம் ஊர் பாஷையில் ஒண்டிக்கட்டை. குடும்பம் இல்லாதவனுக்கு யார் வீடு கொடுப்பார் என்ற கேள்வியைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே எங்கோ தொலைவில் அடுக்கடுக்காகக் கட்டி மொத்தமாகக் கொண்டுபோய் இறக்கும் வேலை இல்லை. இதை எழுதும்போது எனக்குச் சென்னையில் அப்படி இறக்கிய கண்ணகி நகர் ஞாபகம் வந்தது, உங்களுக்கும் வரும்.

ஒவ்வொரு அக்டோபர் 17-ம் தேதியும் இங்கே 'வீடற்றோர் இரவு' என்று நடக்கும். போன முறை சூப் ஊற்றும் மேஜையில் நின்றேன். கிண்ணத்தை வாங்கிய ஒருவர், அறுபதை நெருங்கும் வயது, என் பெயரை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். "என் வீட்டுக்குக் காபி குடிக்க வா" என்றார்.

போனேன். ஓர் அறை, சுவரோரம் சிறிய அடுப்பு, ஜன்னலில் ஒரு ஜெரேனியம் தொட்டி. பதினோரு வருஷம் வெளியில் கிடந்தவர். சாவி கிடைத்த முதல் இரண்டு வாரம் கட்டிலில் தூக்கம் வராமல், ஷூவைக் கழற்றாமல், கதவுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தாராம். ராத்திரி யாராவது வந்து எழுப்புவார்கள் என்று காத்துக்கொண்டே இருந்தாராம். "யாரும் வரவில்லை. மூன்றாம் வாரம் ஷூவைக் கழற்றினேன்" என்றார். குடியை விட்டுவிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "குறைந்திருக்கிறது. பூட்டிய கதவுக்குள்ளே அவசரம் இல்லை." காபியை எனக்கு ஊற்றிவிட்டுத்தான் தனக்கு ஊற்றினார். தட்டில் இலவங்கப்பட்டை ரொட்டி வைத்து, "எடுத்துக்கொள், எடுத்துக்கொள்" என்று இரண்டு தடவை உபசரித்தார். பதினோரு வருஷம் இந்த மனிதரால் ஒருவரிடம் கூட "வா, உட்கார்" என்று சொல்ல முடியாமல் இருந்திருக்கிறது, அண்ணாச்சி. அதை நினைத்ததும் ரொட்டி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

எல்லாம் சுபம் என்று எழுத மாட்டேன். தனிமை சிலரைத் தின்கிறது. பழைய சிநேகிதர்கள் வந்து வீட்டையே கைப்பற்றிக்கொள்வதும் உண்டு. பக்கத்துத் தெருக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்த இடங்கள் உண்டு. அங்கெல்லாம் குடியிருப்பவர்களும் பணியாளர்களும் சேர்ந்து தெருவைச் சுத்தம் செய்து, முகம் பார்த்துப் பேசி, கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கையைச் சம்பாதித்தார்கள். முதல் திட்டம் நீண்டகால வீடின்மையைப் பாதியாகக் குறைப்பதாகச் சொன்னது. ஆனால் குறைந்ததோ கால் பங்குக்குச் சற்று மேல்தான். விடாமல் அடுத்த திட்டம் போட்டார்கள். 1987-ல் சுமார் 18,000 பேர் வீடில்லாமல் இருந்த நாட்டில், 2023 கடைசியில் 3,429 பேர். அவர்களிலும் பெரும்பாலோர் தெரிந்தவர் வீட்டில் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள்.

ஆனால் 2024 கடைசியில் அந்த எண் 3,806. பத்து வருஷத்துக்கும் மேலாக இறங்கி வந்தது ஏறிவிட்டது. வீட்டு உதவித்தொகையை அரசு வெட்டியதும் அந்த வருஷம்தான். இங்கே இந்த வேலையில் இருப்பவர்கள் கவலையோடு இருக்கிறார்கள், எனக்கும் கோபம்தான். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வாடகைக்கான காசில் கை வைப்பது, பரமபதத்தில் புதிதாக ஒரு பாம்பை வரைவதுதான்.

உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். கிளம்பும்போது அந்தப் பெரியவர் கதவுப் பிளவைக் காட்டி, "இதில் பில்லும் விளம்பரமும்தான் விழுகிறது" என்றார். நெல்லையப்பர் கோயில் கோபுரம் போட்ட தபால் அட்டை டவுனில் இன்னும் கிடைக்கிறதா? கிடைத்தால் தமிழிலேயே இரண்டு வரி எழுதி அவருக்குப் போடுங்கள், நான் போய் வாசித்துச் சொல்கிறேன். பெயரும் விலாசமும் தனித் தாளில் வைத்திருக்கிறேன். எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள், கதவில் இருப்பது போலவே.

அன்புடன்,
உங்கள் தம்பி