கழற்றினால் பூட்ட வேண்டும்

பழைய காரை வீட்டில் வைத்துப் பேணுவது முதியவர் ஒருவரைப் பேணுவதற்கு ஒப்பாகும் என்று சொல்வதுண்டு. எங்கள் அனுபவத்தில் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. முதியவர் தமக்கு என்ன செய்கிறதென்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார். கார் சொல்லாது. ஓசையாலும் வாடையாலும் கனத்தாலும் குறிப்புக் காட்டும். குறிப்பறியாதவனை ஒருநாள் நடுத்தெருவில் நிறுத்திவிடும். அண்ணன் தம்பி இருவருமாக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டோடு பழகிவரும் நாங்கள், அந்தக் குறிப்பை ஒருமுறை அறியத் தவறினோம். அதைப் பற்றியும், பின்னாளில் எங்கள்முன் வந்து நின்ற வேறொரு கேள்வியைப் பற்றியும் இங்கே எழுத முற்படுகிறோம்.

வண்டி எங்கள் பெரியப்பாவுடையது. 1966ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டு கதவு வண்டி. தில்லிக்கு மாற்றலாகி வந்த தமிழர் ஒருவரிடமிருந்து 1976இல் பெரியப்பா அதை வாங்கினார். ஹெரால்டு 1959இல் பிரிட்டனில் டிரையம்ஃப் என்ற பெயரோடு பிறந்தது. அதற்கு உருவம் வகுத்தவர் ஜொவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தார் அதைச் செய்து விற்றனர். 948 சி.சி. எஞ்சின், இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் சாமர்த்தியம், மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் பானெட். பானெட்டைத் திறந்துவிட்டால் முன் டயரின் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். வீட்டில் ஸ்பானர் பிடிக்க விரும்புகிறவனுக்கு இதைவிட இணக்கமான வண்டி அமைவது அரிது.

இது ஸ்போர்ட்ஸ் கார் அன்று, குடும்ப வண்டிதான். ஆனால் இதன் இரத்தத்தில் அந்தச் சூடு உண்டு. இதன் சேஸியைக் குறுக்கி, அதன்மேல் தாழ்வான திறந்த உடலைப் பொருத்தித்தான் 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். முன் சக்கர அமைப்பும், பின்புறத்தில் குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங்கும் இரண்டுக்கும் ஒரே வழிவந்தவை. சென்னையை அடுத்த சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடியிருக்கின்றன. இளமையில் அப்பந்தயங்களை வெயிலில் நின்று பார்த்த பெரியப்பா அதைச் சொல்லும்போது அவருடைய குரலே சற்று வேகமெடுக்கும்.

இந்தச் செய்திகள் எங்கள் காதில் விழுந்திருக்கக் கூடாது. 1998இல் எங்களுக்கு இருபதும் பதினெட்டும் வயது. தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தையில் ஓர் ஆங்கில மோட்டார் இதழ் கிடைத்தது. அதில் ஸ்பிட்ஃபயரின் படமும் அளவுகளும் இருந்தன. ஹெரால்டின் அச்சிடைத் தூரம் தொண்ணூற்றொன்றரை அங்குலம், ஸ்பிட்ஃபயருடையது எண்பத்துமூன்று. இடையிலுள்ள எட்டரை அங்குலத்தை அறுத்தெடுத்துவிட்டால் தில்லியில் எங்களைப் போன்றவர் இரார் என்று முடிவு கட்டினோம். பெரியப்பா அலுவலகம் சென்றிருந்த நேரத்தில் வண்டிக்கடியில் படுத்து, சேஸியில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகளும் போட்டுவிட்டோம்.

மாலையில் பெரியப்பா கோடுகளைப் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்பானர் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். வண்டியின் கூரையை உடலோடு பிணைத்திருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கழற்றச் சொன்னார். இருட்டுவதற்குள் கூரை தனியே வந்துவிட்டது. ஹெரால்டின் உடல் தனித்தனிப் பகுதிகளாகப் போல்ட்டில் பூட்டப்பட்டது என்பதை அன்றுதான் அறிந்தோம். கூரையில்லாத காரில் எங்கள் இருவரையும் உட்காரவைத்து ஜனக்புரியை ஒரு சுற்றுச் சுற்றினார். டிசம்பர்க் குளிரில் பற்கள் தந்தியடித்தன.

வீடு திரும்பியதும், “உங்களுக்குத் திறந்த கார் வேண்டும், அவ்வளவுதானே? போல்ட்டைக் கழற்றினால் நாளைக்குப் பூட்டிக்கொள்ளலாம். ரம்பத்தை வைத்துவிட்டால் அப்புறம் நினைத்தாலும் முடியாதுடா. இந்த வண்டியில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். கழற்றியதைத் திரும்பப் பூட்ட முடிகிற மாதிரி செய்யுங்கள்” என்றார். மறுநாள் கூரையைப் பூட்டினோம். சுண்ணாம்புக் கோட்டை ஈரத்துணியால் துடைத்தோம்.

அந்த அனுமதியைக் கொண்டு அடுத்த ஆண்டு ஒரு மாற்றம் செய்தோம். பிரிட்டனில் இரட்டைக் கார்புரேட்டர் கொண்ட ஹெரால்டும் விற்கப்பட்டது. எங்கள் வண்டிக்கு ஒன்றுதான். மாயாபுரிப் பழைய சாமான் கடைகளில் அலைந்து, அம்பாசிடரில் இருந்த எஸ்.யூ. கார்புரேட்டர்கள் இரண்டை வாங்கினோம். அவற்றைத் தாங்கும் குழாயை லேத் பட்டறையில் செய்வித்தோம். எஸ்.யூ. எளிமையும் நுட்பமும் கூடிய கருவி. எஞ்சின் காற்றை இழுக்குந்தோறும் உள்ளிருக்கும் பிஸ்டன் மேலேறும். அதனோடு கூம்பிய ஊசியும் ஏறி, தேவைக்கேற்ற பெட்ரோலுக்கு வழிவிடும். இரண்டையும் ஒத்திசைய வைப்பதில்தான் உழைப்பு. ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, இரண்டிலும் சீறல் ஒரே அளவில் கேட்கும் வரை திருகைத் திருப்ப வேண்டும். வீணைக்குச் சுருதி கூட்டுவதுபோல நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அதில் கழிந்தன. ஐந்தாவது வாரம் வண்டி பறந்தது.

பறந்ததில் ஒரு பிழை இருந்தது. ஓடும் திறனைக் கூட்டிய நாங்கள், நிற்கும் திறனைக் கூட்டவில்லை. நான்கு சக்கரங்களிலும் அதே பழைய டிரம் பிரேக்குகள். வளைவில் வேகமாகத் திரும்பும்போது காலைத் திடீரென எடுத்தால் பின்சக்கரம் உட்புறமாக மடங்கி, வண்டியின் வால் வெளியே வீசும். இது அந்தப் பின்னச்சின் இயல்பு. இவற்றையெல்லாம் அறிந்தும், கண்ணுக்குத் தெரிந்த எஞ்சினையே துடைத்துத் துடைத்துக் கொஞ்சினோம். கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தை அடியோடு மறந்தோம்.

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை உண்டு. அது டிரன்னியன் என்னும் வெண்கலத் துண்டினுள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் சுழல்கிறது. ஆகையால் ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை. அந்த இடத்துக்கு 90ஆம் எண் கியர் ஆயில் செலுத்த வேண்டும். நாங்கள் மற்ற இடங்களுக்குப் போலவே கிரீஸைச் செலுத்தி வந்தோம். கிரீஸ் வெளியே பிதுங்கியதைக் கண்டு நிறைவு கொண்டோம். மரையின் ஆழத்துக்கு அது செல்லவே இல்லை. உள்ளே நீர் தங்கித் துரு பிடித்தது. ஸ்டியரிங் மாதந்தோறும் கனத்துக்கொண்டே வந்தது. அதுதான் வண்டி காட்டிய குறிப்பு. டயரில் காற்றுக் குறைவு என்று நாங்கள் அதற்குப் பொருள் கொண்டோம்.

2001இல் ஒரு கிருத்திகை நாள். பெரியம்மாவை இராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்கு அழைத்துச் சென்று திரும்பிக்கொண்டிருந்தோம். ரிங் ரோடில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்தோம். வீட்டுச் சந்தில் திரும்புகையில் ‘படக்’கென்று ஓர் ஒலி. வண்டியின் இடப்பக்க முன்மூலை தரையில் சாய்ந்தது. தண்டு முறிந்து சக்கரம் மடங்கிக் கிடந்தது. நடக்கிற வேகந்தான் என்பதால் பெரியம்மாவின் நெற்றியில் ஒரு வீக்கத்தோடு போயிற்று. பிரசாதத் திருநீறு மடியெல்லாம் கொட்டியிருந்தது. அதே முறிவு கால்மணி நேரம் முன்னதாக நேர்ந்திருந்தால் இக்கட்டுரையை எழுத நாங்கள் இருந்திருக்க மாட்டோம். பெரியம்மாவும் இருந்திருக்க மாட்டார் என்ற நினைப்புத்தான் இன்றும் உறக்கத்தைக் கலைக்கிறது.

பெரியப்பா வந்து குனிந்து பார்த்தார். முறிந்த முகத்தில் பாதி பழந்துருவாகவும் பாதி புதிய வெள்ளையாகவும் இருந்தது. உள்ளே சென்று, பழுப்புத்தாள் அட்டையிட்ட கையேட்டை எடுத்துவந்து எங்கள் கையில் கொடுத்தார். எண்ணெயிடும் பக்கத்தில் அவரே பென்சிலால் கோடிட்டிருந்தார். “ஆயில் என்று அச்சிட்டிருப்பதை நீங்கள் கிரீஸ் என்று படித்தால் வண்டி என்னடா செய்யும்?” என்று மட்டும் கேட்டார். அதன்பின் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைவிட அவர் அடித்திருக்கலாம்.

அன்று முதல் எங்கள் முறை மாறியது. நீண்ட கட்டுக்கோட்டுக் குறிப்பேடு ஒன்றில் தேதி, ஓடிய தூரம், செய்த வேலை, செய்தவர் ஆகிய நான்கையும் பதிந்து வருகிறோம். வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பத்தாயிரத்திற் பத்துப் பங்கா, ஆயிரத்திற் பத்துப் பங்கா என்ற ஐயத்துக்கே அங்கு இடமில்லை. அங்குலத்தில் ஆயிரத்திற் பத்துப் பங்கு என்று முதற்பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. கிரீஸ் கன் இரண்டு வைத்திருக்கிறோம். கியர் ஆயில் நிரப்பியதன் கைப்பிடிக்குச் சிவப்பு வண்ணம் தீட்டியிருக்கிறோம்.

பெரியப்பா 2009இல் காலமானார். 2014 நவம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகள் தில்லிச் சாலைகளில் ஓடலாகாது என்று ஆணையிட்டது. 2018 அக்டோபரில் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளைத் தலைநகர்ப் பகுதியில் உச்ச நீதிமன்றமும் தடை செய்தது. ஹெரால்டு தகரக் கொட்டகைக்குள் ஒடுங்கியது. வாரம் ஒருமுறை எஞ்சினை ஓடவிட்டு அணைப்போம். பழைய இரும்புக்காரர் இருவர் வந்து விலை பேசிப் போனார்கள். இந்நகரத்துக் காற்றைச் சுவாசிக்கும் எங்களுக்கு அந்த ஆணைகளைக் குறைகூற வாயில்லை. ஆனாலும் இரும்புக்காரரிடம் விலை சொல்லவும் வாய் வரவில்லை.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. ஐம்பது ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேஸியோ உடலோ எஞ்சினோ பெருமாற்றம் செய்யப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சிக்கும் பழங்கார் அணிவகுப்புக்கும், பெட்ரோலுக்கும் பழுதுபார்க்கவும் மட்டுமே சாலைக்குக் கொண்டுசெல்லலாம். அன்றாடப் பயணத்துக்கு ஆகாது.

அந்த அறிவிப்பைப் படித்தபோது அந்தச் சுண்ணாம்புக் கோடுகள்தாம் எங்கள் இருவர் கண்முன்னும் வந்தன. அன்று ரம்பம் இறங்கியிருந்தால் இன்று விண்ணப்பத்தில் எழுத ஒன்றுமில்லை. ஆனால் இரட்டைக் கார்புரேட்டர் இருக்கிறதே? அது பெருமாற்றமா, சிறுமாற்றமா என்று ஒரு வாரம் வாதிட்டோம். இருபதாண்டு அதன் குரலைக் கேட்டுப் பழகிய காது அதை விட மறுத்தது. கடைசியில் பரண்மேல் தேடினோம். பழைய ஒற்றைக் கார்புரேட்டரும் அதன் குழாயும் எண்ணெய்த் துணியில் சுற்றி, பெரியப்பாவின் கையெழுத்தில் ‘ஹெரால்டு, மூலம்’ என்று சீட்டுக் கட்டிக் கிடந்தன. நாங்கள் குப்பையில் போட்டதை அவர் எடுத்து வைத்திருக்கிறார். வாதம் அத்துடன் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாற்றிப் பூட்டினோம். எஸ்.யூ. இரண்டையும் அதே துணியில் சுற்றிச் சீட்டுக் கட்டிப் பரணில் ஏற்றினோம்.

எஞ்சின் ஓசை கேட்டுப் பெரியம்மா கைத்தடியுடன் வாசலுக்கு வந்தார். எண்பத்துமூன்று வயது. “பழைய சத்தமாக இருக்கிறதே! மலை மந்திருக்குப் போகலாமா?” என்று கேட்டார். கோவிலுக்கு இனி இந்த வண்டியில் போக முடியாது, ஆண்டுக்கொருமுறை அணிவகுப்புக்குத்தான் போகும் என்று விளக்கினோம். வண்டியைக் காப்பதற்கு நாங்கள் கொடுக்கும் விலை அதுதான் என்பது சொல்லும்போதே உறைத்தது. பெரியம்மா சற்றுநேரம் யோசித்தார்.

“அந்த அணிவகுப்பில் நான் உட்காரலாமோ?”

தாராளமாக உட்காரலாம் என்றோம். கதவைத் திறந்து அவரை மெல்ல அமர்த்திவிட்டு, சிவப்புக் கைப்பிடி கன்னை எடுத்துக்கொண்டு இடப்பக்க முன்சக்கரத்தருகே போய்க் குனிந்தோம்.