திருவெறும்பூரிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

திருவெறும்பூர்க் குன்றின்மேல் நின்று நோக்குவோர்க்கு மலைக்கோட்டையும், அதற்கப்பால் திருவரங்கத்துக் கோபுரமும் தென்படும். கீழே தஞ்சை செல்லும் இருப்புப்பாதை. சற்றுத் தொலைவில் திருச்சி விமான நிலையம். தேவர்கள் எறும்புகளாய் ஊர்ந்து ஏறினர் என்று தலபுராணம் கூறும் ஊரில், பழைய வழியும் புதிய வழியும் ஒருங்கே காணக் கிடைப்பது பொருத்தமே.

அந்த இருப்புப்பாதைதான் நம் முன்னோரின் சிங்கப்பூர்ச் சாலை. 1860-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தையும் திருச்சியையும் இணைத்த பாதை அது. புகைவண்டியில் நாகை சென்று கப்பலேறுவர். 1926-இல் கட்டப்பெற்ற ‘ராஜுலா’ 1970-களின் தொடக்கம்வரை ஓடிற்று. பின்னர் ‘சிதம்பரம்’ வந்தது. 1985-இல் தீவிபத்துக்குள்ளாகி அதுவும் நின்றது. பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஏறத்தாழ ஒரு வாரம். தாய் இறந்த செய்தி தந்தியில் போகும். மகன் வந்து சேருமுன் கல்லறை மண் காய்ந்திருக்கும். அங்கேயே ஒரு பூசை ஒப்புக்கொடுத்து மனத்தைத் தேற்றிக்கொண்டோர் பலர்.

இன்றோ நான்கு மணி நேரம், அல்லது சற்றுக் கூடுதல். வான்வழித் தொலைவு சற்றேறக்குறைய 3,000 கி.மீ. வியப்பு என்னவெனில், மேற்கே துபாயும் ஏறக்குறைய அதே தொலைவுதான். பிழைப்புத் தேடிப் போகும் இரு திசைகளுக்கும் நடுவே திருச்சி தராசு முள்ளைப்போல் நிற்கிறது! கடிகாரம் மட்டும் ஏமாற்றும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முந்தியது. இங்கே இரவு 1 மணிக்குப் புறப்பட்டவர் அங்கே காலை 7.30-க்கு இறங்குவார், அங்கே இரவு 8-க்கு ஏறியவர் இங்கே 9.30-க்கே வந்து நிற்பார்.

ஆயினும் நேரக்கணக்கு எப்போதும் பலிப்பதில்லை. 2024 அக்டோபர் 11 மாலை சார்ஜாவுக்குப் புறப்பட்ட விமானமொன்று, இயந்திரக் கோளாறு காரணமாகத் திருச்சி வட்டார வானிலேயே இரண்டரை மணி நேரம் வட்டமிட்டது. நெடுந்தொலைவுக்கு நிரப்பிய எரிபொருளின் சுமையோடு இறங்குவது ஆபத்து, அது தீரவேண்டும். 140-க்கு மேற்பட்டோர், பாதி வழிக்கு மேல் சென்றிருக்க வேண்டிய நேரத்தில், ஏறிய இடத்திலேயே நலமாய் இறங்கினர்.

வானத்துத் தாமதத்தைவிடத் தரையின் தாமதமே பெரிது என்பேன். முதலாளியிடம் விடுப்பு, கைக்கு எட்டும் விலையில் சீட்டு, ஒப்பந்தம் முடிய எஞ்சிய மாதங்கள் என இவற்றையும் கூட்டினால் நான்கு மணி நேரம் நான்கு நாளாகும்; சிலருக்கு இரண்டாண்டு. கப்பற்காலத்தில் எவரும் காத்திருக்கவில்லை; வரமுடியாதென்பது தெரிந்த செய்தி. இன்று வரமுடியும் என்பதால் வீடே காத்திருக்கிறது. துக்க வீட்டில் அடக்க நேரம் கேட்டால், “தம்பி எந்த பிளேனில் வருகிறான் என்று தெரியட்டும், சாமி” என்கின்றனர். கூடத்தில் குளிர்ப்பெட்டி இரைந்துகொண்டிருக்கிறது. அவனுக்கு விடுப்புக் கிடைத்ததா என்பது இன்னும் தெரியவில்லை.