விதியல்ல, கிருமி!

காதலியின் கண்ணழகைப் பாடினர், நடையழகைப் பாடினர், நகையழகைப் பாடினர். அவள் இருமிடும்போது காதலன் என்ன செய்திட வேண்டும் என்று நம்மிலே யார் பேசினோம்? காதலுக்குச் சாதி குறுக்கே நிற்பதை நாமறிவோம், மேடைதோறும் முழங்குகிறோம். நோய் குறுக்கே நின்றிடும்போது மட்டும் வாய் மூடி நிற்கிறோம். பேசத்தான் வேண்டும், தோழர்களே!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறினால் வெள்ளிமலை. சாமையும் மரவள்ளியும் விளைந்திடும் கல்வராயன் மலைப்பகுதி. அங்கே நான் பழகிய சிற்றூர் ஒன்றிலே, 17 வயதுப் பெண்ணொருத்தி, 19 வயது இளைஞனொருவன். பள்ளிக்கு நடந்த பாதையிலே பூத்த நேசம். இரு வீட்டாரும் அறிவர், தடை சொன்னாரில்லை.

பெண்ணுக்கு இருமல் வந்தது. மாலையானால் காய்ச்சல். உடல் இளைத்தது. ஒருநாள் சளியோடு செந்நீர்! உடுக்கையுடன் வந்தார் பூசாரி. "சாமி குத்தம்" என்றார். கோழி போயிற்று, ஆடு போயிற்று, இருமல் மட்டும் போகவில்லை! "நோய்க்காரி நமக்கு ஆகாது" என்றனர் இளைஞனின் வீட்டார். பெண்ணின் வீட்டாரோ, நோய் ஊரறியுமுன், மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்திடத் துணிந்தனர். நோய்க்கு மருந்து தாலியாம்! 18 வயது நிரம்பாத பெண்ணை மணமுடித்தல் சட்டப்படி குற்றம். நோயை மறைத்து முடித்திடுவது அவளுக்கும் கேடு, கொள்பவனுக்கும் கேடு.

இளைஞன் என்னிடம் வந்தான். "அண்ணா! அவள் பக்கத்தில் போனால் எனக்கும் வருமா?" என்று கேட்டான். கோழையின் கேள்வியன்று அது. உண்மையை அறிந்து, அதன் பிறகு துணிந்திட விரும்புபவனின் கேள்வி.

"மருந்து தொடங்காதவரை வரக்கூடும், தம்பி" என்றேன். காசநோய் முன்வினைப் பயனல்ல, கிருமியின் வேலை. 1882-இல் இராபர்ட் காக் என்ற செர்மானிய மருத்துவர் அக்கிருமியைக் கண்டு உலகுக்குக் காட்டினார். இருமிடும் மூச்சோடு அது காற்றிலே பரவுகிறது. முறையான மருந்து உள்ளே சென்றதும், சில வாரங்களிலேயே பரப்பிடும் ஆற்றல் பெரிதும் குறைந்துவிடுகிறது.

இதனை மெய்ப்பித்ததில் நம் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. நோயாளியை வீட்டைவிட்டுப் பிரித்து, தொலைவிலுள்ள மருத்துவமனையிலே மாதக்கணக்கில் படுக்கவைத்தல் ஒன்றே வழி என்று உலகம் நம்பிய காலம். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம், ஏழை நோயாளிகள் ஏறத்தாழ 200 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு பாதி மருத்துவமனையிலே, நல்லுணவோடும் ஓய்வோடும். மறு பாதி நெருக்கடி மிகுந்த சொந்த வீடுகளிலே. இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அவ்வளவே தேறினர்! உடன் வாழ்ந்தோரை ஆண்டுக்கணக்கில் கவனித்தனர்; வீட்டிலேயே மருந்துண்டதால் அவர்களுக்குத் தனியாக ஆபத்து கூடிடவில்லை. ஒதுக்கி வைத்தல் மருந்தன்று, மருந்தே மருந்து என்று உலகுக்கு உரைத்தது சென்னை!

கேட்ட இளைஞன் கீழே இறங்கினான், அவளையும் அவள் தாயையும் அழைத்துக்கொண்டு. சளி சோதிக்கப்பட்டது. அவனும் வீட்டாரும் சோதித்துக்கொண்டனர். 6 மாத மருந்து, காசின்றிக் கிடைத்தது. இரண்டாம் மாதம் இருமல் நின்றது. "போதும்" என்றாள் பெண். அங்கேதான் ஆபத்து! பாதியிலே நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடக் கூடும். நாட்காட்டியிலே ஒவ்வொரு நாளையும் கோடிட்டு, கடைசி மாத்திரை வரை காவல் நின்றான் அவன். கடிதம் எழுதவில்லை, கவிதை பாடவில்லை. கோடு போட்டான்! அதைவிடச் சிறந்த காதற் கடிதம் நான் கண்டதில்லை.

அவள் தேறினாள். சமவெளி மணம் நின்றது. அவன் வீட்டார் இன்று, "எப்போது மணம்?" என்று கேட்கின்றனர். "என் படிப்பு முடியட்டும்" என்கிறாள் அவள். வாழ்க்கை அவளுடையது, விடையும் அவளுடையதே.

இளைஞர்களே! 2 வாரத்திற்கு மேல் இருமல் நீடித்திடும் வீடு உங்கள் தெருவிலும் இருக்கக்கூடும். உடுக்கை ஒலிக்குமுன் நீங்கள் அங்கே சென்றிடுங்கள். சளியைச் சோதித்திட அழைத்துச் செல்லுங்கள். மருந்து முடிந்திடும் மட்டும் உடன் நில்லுங்கள்.