எங்க ஊர் டவுன் பஸ்

சமையல், கைவைத்தியம், குழந்தை வளர்ப்பு இதையெல்லாம் எழுதுகிற பக்கத்தில் டவுன் பஸ்ஸுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது சகோதரிகளே! கல்யாணமாகி வந்த ஊரில் ஒரு பெண் தனியாக எவ்வளவு தூரம் போய் வரலாம் என்பதைத் தீர்மானிப்பது மாமியாரும் கணவரும் மட்டுமல்ல. அந்த ஊருக்கு வருகிற பஸ்ஸும்தான்.

எனக்குப் பிறந்த வீடு வெண்ணந்தூர். 1979-ல் வாழ்க்கைப்பட்டு வந்தது ஆட்டையாம்பட்டி பக்கத்துக் கிராமம். அப்போது இரண்டும் சேலம் மாவட்டம்தான். 1997 ஜனவரி முதல் தேதி நாமக்கல் தனி மாவட்டமானதும் அம்மா வீடு ஒரு மாவட்டம், என் வீடு ஒரு மாவட்டம் என்று ஆகிவிட்டது. மாவட்டம் பிரிந்தாலும் சீர் வரிசை குறையவில்லை, அது வேறு விஷயம்!

எங்க அத்தை காலத்தில் சேலம் போக வேண்டுமென்றால் தனியார் பஸ் ஒன்றுதான் கதியாம். கண்டக்டருக்கு எந்த வீட்டில் எந்த மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்பது வரைக்கும் தெரியுமாம். "பாத்து ஏறுங்கம்மிணி, சில்லறை நாளைக்குக் குடுத்தாப் போதும்" என்பாராம். கைக்குழந்தையோடு ஓடி வருகிறவளைப் பார்த்தால் வண்டியை நிறுத்திக் காத்திருப்பாராம். இவ்வளவு மரியாதையும் உண்மைதான். ஆனால் கூட்டம் இல்லாத ராத்திரிகளில் "இன்னைக்கு வண்டி ரிப்பேருங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்களாம். முதலாளிக்கு டீசல் காசாவது வர வேண்டாமா? சேலத்தில் மாட்டிக்கொண்டவர்கள் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையைத் தேட வேண்டியதுதான்.

பிறகுதான் பஸ் முதலாளி மாறுகிற காலம் வந்தது. 1971-ல் கொண்டுவந்த சட்டத்தின்படி, ஐம்பதும் அதற்கு மேலும் பர்மிட் வைத்திருந்த பெரிய கம்பெனிகளின் பஸ்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1972-ல் சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன் என்று கழகங்கள் வந்தன. எங்க சேலத்துக்கு 1973-ல் வந்தது அண்ணா போக்குவரத்துக் கழகம். ஒன்றிரண்டு பஸ் வைத்திருந்த சின்ன முதலாளிகளை அந்தச் சட்டம் தொடவில்லை. அதனால்தான் எங்கள் சேலம், நாமக்கல் சீமையில் தனியார் பஸ்ஸும் கவர்மெண்ட் பஸ்ஸும் ஒரே ரோட்டில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுகின்றன.

நான் புதுப்பெண்ணாக வந்தபோது எங்க ஊருக்கு அண்ணா பஸ் வந்துகொண்டிருந்தது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, உள்ளே எழுதி மாட்டியிருந்த திருக்குறள் பலகை. என் மூத்த மகள் 'அ', 'க' என்று எழுத்துக் கூட்டப் பழகியது அந்தப் பலகையைப் பார்த்துத்தான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறவர்கள் இதைச் செய்து பாருங்களேன். அழுகையும் நிற்கும், எழுத்தும் வரும்.

அதே 1997-ல் இன்னொரு மாற்றம். விருதுநகரில் ஒரு கழகத்துக்குத் தலைவர் பெயர் வைத்ததை ஒட்டிக் கலவரம் மூண்டது. அரசாங்கம் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. அண்ணா, சேரன், சோழன் எல்லாம் போய் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயர் வந்தது. அத்தை மட்டும் கடைசி வரைக்கும் "அண்ணா பஸ் போயிருச்சா கண்ணு?" என்றுதான் கேட்பார்.

தனியார் பஸ்ஸிலும் பெயர் மாறாமல் இல்லை. முதலாளி பர்மிட்டை இன்னொருவருக்கு விற்றார். நெற்றியில் இருந்த முருகன் பெயர் போய், புது முதலாளியின் மகள் பெயர் வந்தது. பெயர் யாருடையதாக இருந்தால் என்ன, பஸ் வந்தால் போதும் என்றுதான் நாங்களும் இருந்தோம்.

அப்படி நினைக்க முடியாமல் செய்தது 2021. அந்த வருஷம் மே மாதம் அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று உத்தரவு வந்தது. தனியார் பஸ்ஸுக்கு இது கிடையாது. யாருடைய பஸ் என்பது அன்றிலிருந்து பெண்கள் சுருக்குப்பையைத் தொடுகிற விஷயமாகிவிட்டது.

எங்க பக்கத்து வீட்டு அக்கா தறி நெய்கிறவர். சர்க்கரை வியாதிக்கு மாதாமாதம் சேலம் பெரியாஸ்பத்திரியில் மாத்திரை வாங்க வேண்டும். மாத்திரை இலவசம்தான், பஸ்ஸுக்குத்தான் காசு வேண்டும். அதை வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போவார். நடுவில் நாளுக்குப் பாதி மாத்திரை! கால் புண் ஆறாமல் கிடந்து பட்ட அவஸ்தையை நான் கண்ணால் பார்த்தேன். இப்போது மாதம் தவறாமல் போகிறார். "யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல பாரு" என்று அவர் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"ஓசி டிக்கெட்" என்று கேலி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நாம் வாங்கும் சோப்பிலும் பற்பசையிலும் வரி கட்டவில்லையா? அந்த வரியிலிருந்துதான் அரசாங்கம் கழகத்துக்கு இந்தப் பணத்தைக் கொடுக்கிறது. கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. தனியார் பஸ் வந்தால் பெண்கள் ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறோம். கலெக்‌ஷன் குறைகிறது என்று முதலாளிகள் புலம்புகிறார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நாளைக்கு அவர்கள் ஒரு டிரிப்பை நிறுத்தினால், அந்த நேரத்துக்கு அரசு பஸ்ஸும் இல்லையென்றால், தவிக்கப்போவது நாம்தானே? ஆகவே இலவசம் கிடைத்தது என்று திருப்திப்பட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. நேரத்துக்கு பஸ் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இளம் தாய்மார்களுக்கு எனக்குத் தெரிந்த இரண்டொரு யோசனை. உங்கள் ஊருக்கு வரும் பஸ்களின் நேரத்தை, முக்கியமாகக் கடைசி பஸ்ஸின் நேரத்தை எழுதி, தடுப்பூசி அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். இலவசம் என்றாலும் கண்டக்டரிடம் கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை பேர் போகிறோம் என்ற கணக்கு அதில்தான் ஏறும். பஸ் இல்லாத நேரம் இருந்தால், தெருவில் நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். ஒருமுறை கொடுத்து நடக்காவிட்டால் மறுமுறையும் கொடுங்கள். மிச்சமாகும் பஸ் காசைத் தனி டப்பாவில் போட்டு வையுங்கள். அது உங்கள் உடம்புக்கான காசு. மளிகைக் கடைக்குப் போகக் கூடாது!