சத்தம் போடாமல் வந்த மாப்பிள்ளை

அல்சூருக்கு நான் பெண் பார்க்கப் போனது பெங்களூர் மாமாவின் ரேவா காரில். சேத்தன் மைனியின் சின்னக் கம்பெனி 2001-ல் விற்பனைக்கு விட்ட எலெக்ட்ரிக் கார். லண்டனில்கூட ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. கதவு இரண்டு; பின்சீட்டு வாண்டுகளுக்கு மட்டும். அதனால் அப்பாவும் அம்மாவும் பின்னால் ஆட்டோவில்!

சீட்டுக்கடியில் எட்டு பேட்டரி. வீட்டு 15 ஆம்ப் பிளக்கில் சொருகினால் போதும் என்று மாமா வழியெல்லாம் பெருமை. பி.காம். புத்தி சும்மா இருக்குமா? பேட்டரி மாற்ற என்ன செலவு என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

வாசலில் கார் வந்து நின்றது யாருக்கும் கேட்கவில்லை. நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தி, "உங்க முழங்கை மட்டும் ஏம்மா இவ்ளோ குட்டை?" என்று பூக்காரம்மாவிடம் மல்லுக்கு நின்றாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உள்ளே ஒரே ஓட்டம்!

பஜ்ஜி, சொஜ்ஜி வருமுன்பே எனக்குச் சம்மதம்.

இப்போது எங்கள் வீட்டில் எலெக்ட்ரிக் கார் பேச்சு. "வாங்குங்க. ஆனா ஹாரன் அடிச்சுட்டுத்தான் வரணும்" என்கிறாள்.