சென்சார் மேல் ஒரு புகார்

உங்கள் வீட்டில் பழைய பிக்கப் வண்டி இல்லாமல் இருக்கலாம். ஆனால், நீங்கள் போட்டிருக்கும் பனியன் திருப்பூரில் தயாரானது என்றால், நாலைந்து பிக்கப்களிலாவது ஏறி இறங்கித்தான் உங்களிடம் வந்திருக்கும். அந்த ஊரில் துணி ஓரிடத்தில் சும்மா உட்காராது. நூல் நிட்டிங்குக்குப் போகும். அங்கிருந்து டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங்... ஒவ்வொன்றும் ஒவ்வொரு தெருவில். நடுவே ஓடுவது இந்தக் குட்டி லாரிகள்தான். ஒரு வண்டி நின்றால் ஊர் நின்றுவிடாது. வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொள்ளும். பிரச்னையே அதுதான்!

மண்ணரையில் இருக்கும் என் சித்தி மகன் அப்படியொரு வண்டியை வைத்துத்தான் பிழைக்கிறான். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பி.எஸ்.4 கட்டாயமானதே, அந்த வருஷத்து வண்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தவணை இன்னும் பாக்கி. போன கோடையில் அதற்கு ஒரு வியாதி வந்தது. காலையில் சமத்தாக ஓடும். உச்சிவெயிலில் ஊத்துக்குளி ரோட்டில் லோடோடு போகும்போது பொசுக்கென்று ஆஃப் ஆகிவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

"நிக்கறது கூடப் பரவால்லீங்ணா. ஓடிட்டிருக்கறப்ப ஆஃப் ஆச்சுன்னா ஸ்டியரிங்கு கல்லாட்டம் ஆயிருது. பிரேக்கை ரெண்டு மிதி மிதிச்சாப் போச்சு... அப்புறம் ஏறி நின்னுதான் அமுத்தோணும்" என்றான். மிகையில்லை. பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் எஞ்சின் ஓடினால்தான் கை கொடுக்கும். பின்னால் ஒரு டன்னுக்கு மேல் துணி இருக்கும்போது யோசித்துப் பாருங்கள்.

முதல் மெக்கானிக் டீசல் ஃபில்டரை மாற்றினார். இரண்டாமவர் ஸ்கேனர் வைத்திருந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் சொருகினார். 'பி-0335' என்று வந்தது. கிராங்க் ஷாஃப்ட் பொசிஷன் சென்சார். புதுசு வாங்கி மாட்டினார்கள். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் பழையபடி நடுரோடு. "சென்சார் டூப்ளிகேட்டா இருக்கும்" என்று இன்னொன்று மாட்டினார்கள். நாலு நாள் ஓடியது. இதற்குள் இரண்டு நிட்டிங் கம்பெனிகள் அவனைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. டையிங்கில் துணிக்கு நேரம் குறித்து வைத்திருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பி.காம். படித்தவனுக்கு எஞ்சினில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது! ஆடிட்டிங் பேப்பரில் எங்களுக்கு ஒரு வழக்கு வரும். 1896-ல் இங்கிலாந்தில், கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு (அதுவும் பஞ்சு விவகாரம்தான்). மேனேஜர் வருஷக்கணக்கில் சரக்கிருப்பைக் கூட்டிக் காட்டியிருந்தார். ஆடிட்டர் கண்டுபிடிக்கவில்லை. கோர்ட், ஆடிட்டர் காவல் நாய்தானே தவிர மோப்ப நாய் அல்ல என்று விட்டுவிட்டது. ஸ்கேனரும் அந்த ஜாதிதான். குரைக்கும். திருடனைத் தேடிப் பிடிப்பது நம் வேலை.

அந்த எண்ணுக்கு அர்த்தம், 'சென்சார் கெட்டுவிட்டது' என்பதல்ல. 'அந்த சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு' என்பதுதான். சர்க்யூட் என்றால் சென்சார், அதன் கப்ளர், அங்கிருந்து ஈ.சி.யூ. வரை போகும் ஒயர் எல்லாம் சேர்த்தி.

சென்சார் செய்யும் வேலை சின்னதுதான். கிராங்கோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுற்றும். பல வண்டிகளில் அதில் 60 பல்லுக்கு இடம், வேண்டுமென்றே 2 பல்லை விட்டிருப்பார்கள். ஒவ்வொரு பல் கடக்கும்போதும் சென்சார் ஒரு சிக்னல் அனுப்பும். அந்தக் காலி இடத்தை வைத்து, பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று ஈ.சி.யூ. கணக்குப் போடும். சும்மா ஐடிலிங்கிலேயே விநாடிக்கு 700-க்கு மேல் சிக்னல். அது அறுந்தால் எப்போது டீசல் அடிப்பது என்று ஈ.சி.யூ.வுக்குத் தெரியாது. நிறுத்திவிடும்.

கடைசியில் தெருமுனை ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனான். அறுபதைத் தாண்டியவர். ஸ்கேனர் கிடையாது, ஒரு மல்டிமீட்டர்தான். "நிக்கறப்பவே கொண்டாந்திருக்கோணும் தம்பி. ஆறுன வண்டியில என்னத்தப் பாக்கறது?" என்றாராம். வண்டியைச் சூடாகும்வரை ஓட்டச் சொன்னார். நின்றதும் ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, ஆர்.பி.எம். முள்ளைப் பார்த்தார். துளியும் அசையவில்லை. சிக்னல் வரவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

இரண்டு ஒயர் சென்சார் என்பதால் கப்ளரைக் கழற்றி ஓம் பார்த்தார். சூட்டிலும் சரியாக இருந்தது. (மூன்று ஒயர் என்றால் பெரும்பாலும் ஹால் வகை. அதில் ஓம் பார்த்துப் பிரயோஜனமில்லை, சப்ளை வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.) அடுத்து ஈ.சி.யூ. பக்கத்திலிருந்து அதே அளவைப் பார்த்தார். ஒன்றுமே வரவில்லை! இடையில் எங்கேயோ அறுந்திருக்கிறது. வயரிங் கிட்டைச் சாண் சாணாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தார். கியர் பாக்ஸ் பக்கம் ஓர் இரும்புப் பட்டையோடு உரசும் இடத்தில் மீட்டர் துள்ளியது. உறை தேய்ந்து, உள்ளே இரண்டு மூன்று செம்பு இழைதான் மிச்சம். சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டும்.

வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, பட்டையிலிருந்து தள்ளிக் கட்டிவிட்டார். கூலி 300 ரூபாய். வண்டி இப்போது நிற்பதில்லை. போன இரண்டு கம்பெனிகளில் ஒன்று திரும்பி வந்துவிட்டது.

முதலில் கழற்றிய இரண்டு சென்சாரையும் பெரியவர் மீட்டரில் வைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டுமே நல்லவை. "கடையில திருப்பிக் குடுத்துப் பாரேன்" என்றேன். பில்லை எடுத்து நீட்டினான். 'எலெக்ட்ரிக்கல் பொருட்கள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று சீல் குத்தியிருந்தது.